சத்து மாத்திரை: யாருக்கு மருந்து, யாருக்கு வீண் செலவு?

உடல் அசதியா, ஒரு டானிக். முடி கொட்டுகிறதா, ஒரு மாத்திரை. பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லையா, ஒரு சத்துப் பவுடர். இன்று பல வீடுகளில் இதுதான் வழக்கம். வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறையில் வருகிற பிள்ளைகளும் பெற்றோருக்கென்று மல்டிவிட்டமின் டப்பா வாங்கி வருகிறார்கள். அன்போடு செய்யும் காரியம்தான். ஆனால் அந்த மாத்திரை வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் உண்மையில் தேவைதானா என்று யாரும் கேட்பதில்லை.

சுருக்கமான பதில் இதுதான்: சத்துக் குறைபாடு உள்ளவருக்கு அது மருந்து. குறைபாடு இல்லாதவருக்குப் பெரும்பாலும் வீண் செலவு. சில நேரங்களில் கேடும் கூட.

அரிசி சொல்லித் தந்த பாடம்

விட்டமின் என்பது உடலுக்கு மிகச் சிறிய அளவில் தேவைப்படும் சத்து. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவாவில், கால்கள் பலமிழந்து போகும் பெரிபெரி நோய் பரவலாக இருந்தது. அங்கு பணியாற்றிய ஐக்மன் என்ற மருத்துவர், நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசியைத் தின்ற கோழிகளுக்கும் அதே போன்ற நோய் வருவதையும், தவிடு நீக்காத அரிசியைக் கொடுத்தால் அவை தேறுவதையும் கண்டார். தவிட்டில் இருந்த அந்தச் சத்துதான் விட்டமின் பி1. இப்பணிக்காக அவருக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது இந்தச் சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால்தான் பச்சரிசியைவிடப் புழுங்கல் அரிசியில் பி1 கூடுதலாக இருக்கிறது.

இல்லாத சத்தைக் கொடுத்தால் நோய் தீரும். அதற்காக, போதுமான சத்து உள்ளவருக்கு மேலும் கொடுத்தால் மேலும் பலம் வந்துவிடாது. நிறைந்த குடத்தில் ஊற்றும் நீர் வழியத்தான் செய்யும். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிட்டபின் சிறுநீர் அடர்மஞ்சளாகப் போவது அப்படி வழிந்த சத்துதான்.

அவசியம் தேவைப்படுபவர்கள்

கர்ப்பிணிகள்: ஃபோலிக் அமிலம் குறைந்தால் குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் சரியாக வளராமல் போகும் ஆபத்து உண்டு. இந்த உறுப்புகள் உருவாவது முதல் சில வாரங்களில். எனவே குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் கேட்டு ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்குவது நல்லது. பின்னர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் சிவப்பு நிற இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிட வேண்டும். மலம் கறுப்பாகப் போகிறது, குமட்டுகிறது என்று பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். மலம் கறுப்பாவது இந்த மாத்திரையால் வரும் சாதாரண மாற்றம்தான். குமட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடலாம்.

இரத்தசோகை உள்ளவர்கள்: 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. பேரீச்சம்பழம் நல்ல உணவு. ஆனால் இரத்தசோகையைத் தீர்க்கும் அளவுக்கு அதில் இரும்புச்சத்து இல்லை. இவர்களுக்கு மாத்திரை தேவை.

நீரிழிவு நோயாளிகள்: மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் சாப்பிடுபவர்களுக்கு விட்டமின் பி12 குறையலாம். கால் மரத்துப்போவதைச் 'சர்க்கரைதான் காரணம்' என்று விட்டுவிடாமல், பி12 அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முதியோரும், மீன், இறைச்சி, முட்டை, பால் எதுவும் சேர்க்காதவர்களும் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

வெயில் படாதவர்கள்: தோலில் வெயில் பட்டால்தான் உடல் விட்டமின் டி தயாரிக்கும். உடல் முழுவதையும் மறைத்தே வெளியே செல்லும் பெண்களுக்கும், நாள் முழுதும் கடைக்குள்ளோ அலுவலகத்திலோ இருக்கும் ஆண்களுக்கும் இது குறையலாம். வீட்டு மொட்டைமாடியிலோ முற்றத்திலோ கை, கால், முகத்தில் சிறிது நேரம் வெயில் படும்படி இருக்கலாம். இதற்கு இளங்காலை வெயிலைவிட நண்பகலை ஒட்டிய வெயிலே பயன் தரும்.

மற்றவர்களுக்கு?

அமெரிக்காவில் 50 வயது கடந்த 25,871 பேரிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. தினமும் விட்டமின் டி சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோயோ மாரடைப்போ குறையவில்லை. தினமும் விட்டமின் சி சாப்பிட்டாலும் பொதுவாகச் சளி பிடிப்பது குறைவதில்லை. சளி இருக்கும் நாட்கள் மட்டும் சற்றே குறைகின்றன.

அளவு மீறினால் கேடும் வரலாம். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியது. இது 1994இல் வெளியான முடிவு. கர்ப்பகாலத்தில் விட்டமின் ஏ அளவுக்கு மீறினால் குழந்தைக்கு ஊனம் வரலாம். வாரம் ஒன்று என்று எழுதித் தரும் 60,000 யூனிட் விட்டமின் டி-யைத் தினம் ஒன்றாகச் சாப்பிட்டால், இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு, காலதாமதம். தீராத அசதிக்குப் பின்னால் தைராய்டு இருக்கலாம், காசநோய் இருக்கலாம். வயதானவரின் இரத்தசோகைக்குக் குடலில் உள்ள இரத்தக்கசிவு காரணமாக இருக்கலாம். டானிக் குடித்துக்கொண்டே மாதங்களைக் கடத்தினால், எளிதில் குணமாகியிருக்க வேண்டிய நோய் முற்றிவிடும்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

• முதலில் இரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் சோதனையை அரசு மருத்துவமனையில் இலவசமாகவே செய்துகொள்ளலாம்.

• இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீர், காபி, பால், கால்சியம் மாத்திரையோடு சாப்பிடாதீர்கள். எலுமிச்சைச் சாறோடு சாப்பிட்டால் உடலில் நன்றாகச் சேரும். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி தேவை.

• முடிக்காகச் சாப்பிடும் பயோட்டின், தைராய்டு போன்ற சில இரத்தப் பரிசோதனைகளின் முடிவைத் தவறாகக் காட்டலாம். பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

• கேப்ஸ்யூலின் கூடு பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனது. அது எந்தப் பிராணியிலிருந்து எடுத்தது என்பது தெரியாவிட்டால், ஹலால் முத்திரை அல்லது சைவக் குறி உள்ளதையோ, சாதாரண மாத்திரையையோ கேட்டு வாங்கலாம்.

• இரும்புச்சத்து மாத்திரையைச் சிறு குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்துத் தின்றால் உயிருக்கே ஆபத்து.

குறைபாடு இல்லாத வீட்டில், டப்பாவுக்குப் போகும் பணத்தை அடுப்படிக்குத் திருப்புங்கள். முருங்கைக்கீரை, மத்தி மீன், முட்டை, பயறு, கொய்யா, நெல்லிக்காய் எல்லாம் நம் ஊர்ச் சந்தையிலேயே கிடைக்கின்றன. வெளிநாட்டிலிருந்து பெற்றோருக்கு ஏதாவது செய்ய விரும்பும் பிள்ளைகள், அடுத்த முறை டப்பாவுக்குப் பதிலாக அவர்களை ஒரு முழுப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். என்ன தேவை என்பது அப்போது தெரிந்துவிடும்.