சத்திரசிகிச்சைக்கு முன் சொல்ல மறக்காதீர்கள்

"உங்களுக்கு ஏதும் வருத்தம் இருக்கிறதா?" என்று விடுதியில் கேட்டபோது, நான் கூட்டிச்சென்ற அக்கா "ஒண்டும் இல்லை" என்றார். ஷெல் காயத்தால் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு, அவரது இரண்டு கால்களும் செயலிழந்திருந்தன. "அது காயம்தானே தங்கச்சி, வருத்தம் இல்லையே" என்று பிறகு என்னிடம் சொன்னார். சக்கர நாற்காலியைக் கண்ட மயக்கமருந்து வைத்தியர் விபரம் கேட்டார். கொடுக்கவிருந்த ஒரு மருந்தை மாற்றினார்.

அது ஏன்? முழு மயக்கத்தின்போது நித்திரையாக்கும் மருந்தோடு, தசைகளைத் தளர்த்தும் மருந்தும் ஏற்றப்படுவதுண்டு. அப்போது மூச்சுத் தசைகளும் ஓய்ந்துவிடும். ஆகவே குழாய் செலுத்திச் சுவாசம் கொடுப்பார்கள்.

இவற்றுள் மிக விரைவானது சக்சமெத்தோனியம். ஒரு நிமிடத்துக்குள் வேலை செய்யும். பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடங்களில் தீர்ந்துவிடும். அவசர வேளைகளில் இந்த வேகம் உயிர்காக்கும். மறுநாள் உடம்பு உளைவு வரலாம். ஆனால் நரம்புத் தொடர்பு இழந்த தசைகளிலும், கடும் தீக்காயம் பட்டவர்களிலும், நெடுநாள் அசையாது கிடந்தவர்களிலும் இம்மருந்து பொற்றாசியத்தைத் திடீரென இரத்தத்தில் சேரச் செய்யும். இதயமே நின்றுவிடக்கூடும்.

மிவகூரியம் 15 முதல் 20 நிமிடங்கள் வரை வேலை செய்யும். அதற்கு இந்தப் பொற்றாசிய ஆபத்து இல்லை. எனினும் இவ்விரண்டையும் உடைப்பது இரத்தத்திலுள்ள ஒரே நொதியமே. பரம்பரையாக அது குறைந்தவர்களுக்குத் தளர்ச்சி மணிக்கணக்கில் நீடிக்கலாம். அதுவரை இயந்திரச் சுவாசம் வேண்டும்.

அற்றகூரியம் அரை மணி நேரமளவில் வேலை செய்யும். இரத்தத்தில் பெரும்பாலும் தானாகவே சிதைவதால் சிறுநீரக நோயாளருக்கும் ஏற்றது. றொகுரோனியத்தைக் கூடிய அளவில் கொடுத்தால் ஒரு நிமிடமளவில் வேலை தொடங்கும். ஆனால் ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் நீடிக்கலாம். அதை விரைவில் முறிக்கும் சுகமடெக்ஸ் 2008இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. அது தொடக்கத்தில் விலை கூடியதாக இருந்தது.

எதைக் கொடுப்பது என்பது வைத்தியரின் தீர்மானம். சொல்வது நமது பொறுப்பு. சாதாரண காயத் தழும்புக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் செயலிழந்த கை கால், முள்ளந்தண்டுக் காயம், தீக்காயம், நீண்ட படுக்கை என்பவற்றை எத்தனை வருடம் கழிந்தாலும் சொல்லுங்கள். முன்பு மயக்கம் கொடுத்தபின் உங்களுக்கோ இரத்த உறவினருக்கோ மூச்சுத் திரும்பத் தாமதித்ததா? அதையும் சொல்லுங்கள்.

கேட்டறிய உறவுகள் இல்லாமற்போன சகோதரிகள் நம்மில் பலர். அவர்கள் தமக்கு நடந்ததையாவது கிளினிக் கொப்பியில் எழுதுவித்து வைக்கட்டும். நாளை அது பிள்ளைகளுக்கும் உதவும்.