ஹாலில் ஃபுல் சிக்னல், மாடியில் பூஜ்ஜியம்: என்ன செய்யலாம்?

வீடு கள்ளக்குறிச்சியில், வேலை பெங்களூரு கம்பெனிக்கு. ஹாலில் பறக்கும் வைஃபை, மாடி அறையில் மீட்டிங் நடுவே ஸ்டக் ஆகிறதா? காரணம் கான்கிரீட் தளம்.

5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. ஆனா சுவர், தளம் தாண்ட 2.4தான் கெட்டி. முதல்ல அதற்கு மாத்திப் பாருங்க, செலவே இல்லை.

ரிப்பீட்டர் வாங்கினால் சிக்னலே எட்டாத அறையில் மாட்டாதீர்கள். அதுக்கே கிடைக்காததை எப்படிக் கடத்தும்? பாதி வழியில் வைக்கணும். அப்போதும் சாதாரண ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

உருப்படியான வழி, ரவுட்டரிலிருந்து கேட்6 கேபிள் இழுப்பதுதான். 100 மீட்டர் வரை தாங்கும். மாடி முனையில் பழைய ரவுட்டரையே ஆக்சஸ் பாயின்ட் மோடில் போடலாம்.

கல்வராயன் மலைப் பக்கம், தோட்டத்தில் தள்ளி நிற்கும் தனி அறைக்கு இழுப்பதென்றால் செம்புக் கேபிள் வேண்டாம். பக்கத்தில் இடி விழுந்தால் இரு முனையிலும் கருவிகள் போயிடும். ஃபைபர் போடுங்கள், கண்ணாடி இழை மின்சாரம் கடத்தாது.