சாதாளைக்குள் தத்தும் பூச்சியின் ஆழ்கடல் சொந்தங்கள்

கீரிமலைக் கேணியில் முழுகி எழுந்து வடக்கே பார்த்தால் கடல் கரைகாணாமல் கிடக்கும். ஆனால் அது ஆழக்கடல் அல்ல. பாக்கு நீரிணை பல இடங்களில் 10 மீற்றரைத் தாண்டாது. வளர்ந்த பனையொன்றை அங்கே நட்டால் வட்டு வெளியே தெரியும். உண்மையான ஆழத்துக்குத் திருகோணமலைப் பக்கம் போகவேண்டும். அங்கே துறைமுக வாயிலிலேயே கடலடிப் பள்ளத்தாக்குத் தொடங்கிவிடுகிறது.

ஆழ்கடலின் சிற்றுயிர்களைத் தெரிந்துகொள்ள அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. கரையொதுங்கிய ஈரச் சாதாளையைப் புரட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் சப்பையான, கூனிய உடம்போடு ஏதோ தத்தி ஓடும். பூச்சி என்போம், உண்மையில் அது இறாலுக்கும் நண்டுக்கும் சொந்தம். அம்பிபோட் என்பது விலங்கியலார் வைத்த பெயர். இதன் இனத்தார் பசிபிக்கின் மரியானா அகழியில் 10,900 மீற்றர் ஆழத்திலும் வாழ்கிறார்கள்.

அங்கே வெயில் எட்டாது, எனவே பாசியும் முளைக்காது. மேலிருந்து விழுவதுதான் சாப்பாடு: செத்த மீன், மிதவை உயிர்களின் கழிவு, மக்கிய துணுக்குகள். அதிலும் பெரும்பகுதியை வழியில் இருப்பவர்கள் தின்றுவிடுவார்கள். ஆகவே ஆழத்து அம்பிபோட்டுக்கு மோப்பமே கண். ஒரு மீன் செத்து விழுந்தால் சில மணி நேரத்தில் நூற்றுக்கணக்கில் மொய்த்து எலும்பை மட்டும் மிச்சம் வைக்கும். அடுத்த விருந்து எப்போதென்று தெரியாததால் வயிறு புடைக்கத் தின்னும். மரியானாவில் வாழும் ஹிரோண்டெல்லியா ஜிகாஸ் இன்னும் கெட்டிக்காரன். மரத்தூளையும் சர்க்கரையாக்கும் நொதிகள் அதனிடம் இருப்பதை யப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் கண்டார்கள்.

ஓட்டின் கதை இதைவிடச் சுவையானது. இறாலின் ஓட்டைக் கடினமாக்குவது கல்சியம் காபனேற்று. கீரிமலைக் கரையின் சுண்ணாம்புப் பாறையும் அதே பொருள்தான். நாலைந்து கிலோமீற்றருக்குக் கீழே, குளிரிலும் அழுத்தத்திலும் அது கரையத் தொடங்கும். ஹிரோண்டெல்லியா என்ன செய்கிறது? அடிச்சேற்றை விழுங்கி, அதிலுள்ள அலுமினியத்தைப் பிரித்தெடுத்து, ஓட்டின்மேல் கூழாகப் பூசிக்கொள்கிறது. இது 2019இல் வெளியான கண்டுபிடிப்பு.

அழுத்தத்தில் நசுங்காதா என்று கேட்பீர்கள். அங்கே அழுத்தம் நம் தலைமேல் உள்ளதைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல். ஆனால் உடம்புக்குள் காற்றுப்பை இருந்தால்தானே நசுங்கும்? இதற்குள் இருப்பது நீர். உண்மையான ஆபத்து புரதங்களுக்குத்தான், அழுத்தத்தில் அவற்றின் வடிவம் குலையும். அதைத் தடுக்க டிரைமெதிலமைன் ஒக்சைட் என்ற சேர்மம் உண்டு. ஆழம் கூடக் கூட அம்பிபோட்களின் உடம்பில் அதுவும் கூடும். பெயர் புதிதானாலும் ஆள் பழக்கமானவர்தான். பழுதாகும் கடல்மீனில் பக்ரீறியாக்கள் இதைச் சிதைக்கும்போது கிளம்புவதே சந்தையில் மூக்கைப் பொத்தவைக்கும் அந்த நாற்றம்.

6,000 மீற்றருக்கும் கீழே பிடிபட்ட இன்னொரு அம்பிபோட்டுக்கு 2020இல் யூரிதெனிஸ் பிளாஸ்டிகஸ் என்று பெயர் வைத்தார்கள். காரணம், அதன் குடலில் பிளாஸ்டிக் நார் இருந்தது.

ஆழ்கடல் அம்பிபோட்களைப் பிடிக்க இறக்கும் இரை வைத்த பொறிகளில் முட்டை சுமக்கும் பெண் அம்பிபோட்கள் சிக்குவது அரிது. அந்தக் காலத்தில் அவை இரைதேடி அலைவதில்லை போலும். அம்பிபோட் தன் முட்டைகளைக் கடலில் விடுவதில்லை. வயிற்றடிப் பையில் வைத்துக் காக்கும். அதிலிருந்து வெளிவருவது தாயின் உருவத்திலேயே இருக்கும் குட்டிகள். கீரிமலைச் சாதாளைக்குள் தத்துவதைப் பிடித்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், பெண்ணாக இருந்தால், அதே பை தெரியும்.