சோடா மூடி விளையாட்டில் பிறந்த ரத்தப் பரிசோதனை!

காகிதச் சக்கரம் செய்யும் அதிசயம்

சோடா மூடியைத் தட்டித் தட்டையாக்கி, நடுவில் இரண்டு துளை போட்டு, நூல் கோத்து இழுத்து விளையாடுவது சிறுவர்களுக்குப் பிடித்த விளையாட்டு. நூலை முறுக்கிவிட்டு இரண்டு கையாலும் இழுத்தால் மூடி 'விர்' என்று சுழலும். இழுப்பதும் தளர்த்துவதுமாக இருந்தால் சுழன்றுகொண்டே இருக்கும்.

இந்த விளையாட்டுச் சாமானைக் கொண்டு மனித ரத்தத்தைப் பரிசோதிக்கலாம் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் இதைச் செய்து காட்டிவிட்டார்கள்!

கதவுக்கு முட்டுக்கொடுத்த கருவி

மனு பிரகாஷ் என்பவர் அங்கே பேராசிரியர். இந்தியாவில் பிறந்தவர். 2013-ம் ஆண்டில் அவர் ஆப்பிரிக்காவில் உள்ள உகாண்டா நாட்டுக்குப் போயிருந்தார். ஒரு மருத்துவ நிலையத்தில் ரத்தத்தைச் சுழற்றும் எந்திரம் ஒன்று இருந்தது. விலை உயர்ந்த எந்திரம். ஆனால் அது கதவு மூடாதபடி முட்டுக்கொடுக்கத்தான் பயன்பட்டது! காரணம், அங்கே மின்சாரம் இல்லை.

ரத்தத்தை எதற்காகச் சுழற்ற வேண்டும்? ரத்தத்தில் சிவப்பு அணுக்கள் கனமானவை. வேகமாகச் சுழற்றினால் அவை ஒரு பக்கம் ஒதுங்கும். மஞ்சள் நிற நீர் தனியே பிரியும். சிவப்பு அணுக்கள் எவ்வளவு என்று அளந்து பார்த்தால் சோகை இருக்கிறதா என்பது தெரியும். மலேரியாக் கிருமிகளையும் இப்படிப் பிரித்துக் கண்டுபிடிக்கலாம்.

மலேரியா சாதாரண நோய் அல்ல. 2023-ம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 5,97,000 பேர் அதற்குப் பலியானார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள்!

நிமிடத்துக்கு 1,25,000 சுற்று

பிரகாஷும், அவரிடம் ஆராய்ச்சி செய்த சாத் பாம்லாவும் மின்சாரம் இல்லாமல் சுழற்ற வழி தேடினார்கள். பாம்லா சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். முதலில் நூலில் ஏறி இறங்கும் யோ-யோ பொம்மையைச் சோதித்தார்கள். வேகம் போதவில்லை. பிறகுதான் நூல் சக்கரம் கைக்கு வந்தது.

அதன் வேகத்தைக் கணக்கிட்டபோது அவர்களே திகைத்துப் போனார்கள். நூலின் முறுக்கு, சக்கரத்தின் அளவு எல்லாவற்றையும் கணக்குப் போட்டுத் திருத்தினார்கள். கடைசியில் நிமிடத்துக்கு 1,25,000 சுற்று கிடைத்தது!

காகிதத் தட்டு, நூல், பிடித்து இழுக்க இரண்டு கட்டை. அவ்வளவுதான் கருவி. எடை 2 கிராம். செலவு 20 அமெரிக்க சென்ட். அன்றைய நம் பணத்தில் சுமார் 14 ரூபாய். விரல் நுனியில் எடுத்த ரத்தத்தை மெல்லிய குழாயில் அடைத்து, தட்டில் பொருத்திச் சுழற்றினால் ஒன்றரை நிமிடத்தில் ரத்தம் பிரிகிறது. மலேரியாக் கிருமியைப் பிரிக்க 15 நிமிடம் இழுக்க வேண்டும். கை வலிக்கத்தான் செய்யும்! 2017 ஜனவரியில் இந்த ஆராய்ச்சி வெளியாயிற்று.

ஒன்றை மறக்கக் கூடாது. சக்கரம் ரத்தத்தைப் பிரித்துத்தான் கொடுக்கும். நோயைக் கண்டு சொல்ல மைக்ராஸ்கோப்பும், பார்க்கத் தெரிந்த கண்ணும் வேண்டும்.

அடுப்பங்கரை லைட்டர்

பாம்லா பிறகு ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியரானார். இந்த முறை அவர் கண்ணில் பட்டது லைட்டர்!

பாக்டீரியாவுக்குள் புது மரபணுவைப் புகுத்துவது இன்றைய உயிர்த் தொழில்நுட்பத்தின் அடிப்படை வேலை. நீரிழிவு நோயாளிகள் போட்டுக்கொள்ளும் மனித இன்சுலின், மரபணு புகுத்திய பாக்டீரியாவிலிருந்து தயாராகி 1982-ல் விற்பனைக்கு வந்தது. மரபணுவைப் புகுத்த ஒரு வழி மின்சார அதிர்ச்சி. அதிர்ச்சி பட்டதும் பாக்டீரியாவின் மேலுறையில் நுண்ணிய துளைகள் திறக்கும். அந்த வழியாக மரபணு நுழைந்துவிடும். அதிர்ச்சி கொடுக்கும் கருவிக்கு ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடங்கள் எங்கே போகும்?

அடுப்புப் பற்றவைக்கும் லைட்டரை அமுக்கினால் 'டக்' என்று சத்தம் கேட்கிறது அல்லவா? உள்ளே ஒரு சிறு சுத்தியல் படிகக்கல்லை அடிக்கிறது. அந்த அடியில் மின்சாரம் பிறக்கிறது. இதை வைத்தே பாம்லாவின் குழுவினர் பேனா போன்ற கருவியைச் செய்தார்கள். சுமார் 2,000 வோல்ட் அதிர்ச்சி, கண் இமைப்பதற்குள் வந்து மறைகிறது. செலவு 23 சென்ட். பேட்டரி கூடத் தேவையில்லை!

இது வெளியானது 2020 ஜனவரியில். ஜார்ஜியாவில் லாம்பர்ட் உயர்நிலைப் பள்ளியிலும் இதைச் சோதித்தார்கள். ஒளிரும் புரதத்தின் மரபணுவை ஏற்றுக்கொண்ட பாக்டீரியா, நீல ஒளி பட்டதும் பச்சையாக ஒளிவிட்டது.