மூன்று பெல்ட்டும் மூன்று விதமாகப் போயின

அந்தக் கோடையில் மூன்றாவது பெல்ட்டும் போன பிறகுதான் எனக்கு போன் வந்தது. அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் ஒரு லேத் பட்டறையில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். கூப்பிட்டவர் எங்கள் பழைய வாடிக்கையாளர், ஓய்வுபெற்றவர். மூன்றரை மணி நேரப் பயணத்தில், ஹவாசு ஏரிக்கரையில் வீடு.

“எவ்வளவு இறுக்கினாலும் நிற்க மாட்டேன் என்கிறது” என்றார்.

“அறுந்ததையெல்லாம் வைத்திருக்கிறீர்களா?”

“குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டேன்.”

“குப்பை வண்டி எப்போது வரும்?”

“நாளைக் காலை.”

“எடுத்து வையுங்கள். வருகிறேன்.”

ஹவாசு என்பது கொலராடோ ஆற்றின் குறுக்கே பார்க்கர் அணை கட்டியதால் உண்டான ஏரி. கரையிலுள்ள ஊரை உருவாக்கியவர் ராபர்ட் மெக்கல்லக். படகு மோட்டார்களைச் சோதித்துப் பார்க்க இடம் தேடி வந்தவர், ஊரையே கட்டிவிட்டார். லண்டன் நகரம் தன் பழைய பாலத்தை விற்றபோது 1968-ல் 24,60,000 டாலருக்கு வாங்கி, கல் கல்லாகக் கொண்டுவந்து 1971-ல் இங்கே நிறுத்தியவரும் இவர்தான். பாலத்தைப் பார்க்க வருகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, அவர் அதற்கு முன்பே சூப்பர்சார்ஜர் செய்து விற்றவர். இந்த ஊரில் சூப்பர்சார்ஜர் பெல்ட் அறுவது ஒரு வகையில் குடும்பத் தகராறு மாதிரி.

சூப்பர்சார்ஜர் என்றால் எஞ்சினுக்குக் காற்றைத் திணிக்கும் பம்ப். கூடுதல் சக்தி வேண்டுமானால் கூடுதல் பெட்ரோல் எரிய வேண்டும். அது எரியக் காற்று வேண்டும். எஞ்சின் தானாக இழுக்கும் காற்று போதாதபோது இந்தப் பம்ப் தள்ளிக் கொடுக்கிறது. படகுக்காரர்கள் ‘ப்ளோயர்’ என்பார்கள். என்னைக் கூப்பிட்டவரின் படகில் இருப்பது 502 கன அங்குல ஷெவர்லே எஞ்சின், அதாவது 8.2 லிட்டர். அதன் தலையில் 6-71 வகை ப்ளோயர். அந்த எண்ணுக்கு ஒரு கதை உண்டு. ஜெனரல் மோட்டார்ஸின் டீசல் எஞ்சின் ஒன்றில் ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம். இரண்டாம் உலகப் போரில் வீரர்களைக் கரையில் இறக்கிய படகுகளில் ஓடிய எஞ்சின் அது. அதிலிருந்த ப்ளோயரைத்தான் பந்தயக்காரர்கள் கழற்றிப் பெட்ரோல் எஞ்சினில் மாட்டத் தொடங்கினார்கள்.

ப்ளோயரைச் சுற்றுவது எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட். இரண்டுக்கும் நடுவே மூன்று அங்குல அகலத்தில், உட்பக்கம் பல் வைத்த ரப்பர் பெல்ட். வேகம் பிடித்தால் ஒரு மாருதி ஆல்ட்டோ எஞ்சினின் மொத்தச் சக்தியும் அந்த ரப்பர் வழியாகத்தான் போகும்.

கராஜ் மேசையில் மூன்றையும் விரித்துப் போட்டோம். காபிப் பொடியும் முட்டை ஓடும் துடைத்த பிறகு பார்த்தால், மூன்றும் ஒரே மாதிரி போகவில்லை. முதல் பெல்ட் அறுபடவே இல்லை. ஒரு சாண் நீளத்துக்குப் பல் மட்டும் வேரோடு உரிந்திருந்தது. இரண்டாவது குறுக்கே பிய்ந்து, உள்ளே ஓடும் இழைகள் துடைப்பக்குச்சி போல நீட்டிக்கொண்டிருந்தன. மூன்றாவதில் பல்லெல்லாம் நலம். முன்பக்க ஓரம் மட்டும் பழைய வேட்டிக்கரை போல நைந்திருந்தது.

பல் உரிந்தால் பல்லைப் பிடிக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். ப்ளோயரின் மேல் புல்லியின் பற்களில் நகத்தை ஓட்டினேன். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் நகம் மாட்டியது. அலுமினியப் பல்லின் மேல்பூச்சு தேய்ந்து, முனை கொக்கி போல வளைந்திருந்தது. புதுப் பெல்ட் ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கொக்கியில் உராய்ந்து போகிறது. சாலையில் ஓடும் காரென்றால் கொஞ்ச காலம் தாங்கியிருக்கும். படகு அலை மேல் ஏறிக் குதிக்கும். புரொப்பெல்லர் தண்ணீரை விட்டு வெளியே வந்தால் எஞ்சின் சட்டென்று அலறும். மறுபடி தண்ணீரில் விழுந்ததும் இழுத்துப் பிடிக்கும். அந்த உலுக்கல் முழுக்கப் பெல்ட்டின் பல்லில்தான் விழும்.

முதல் பெல்ட் போனதும் இவர் செய்த வைத்தியம் இறுக்கியது. இரண்டாவதன் கதை அதுதான்.

என் அப்பா அரிசி மில்லில் வேலை பார்த்தார். அங்கே பட்டை பெல்ட். வழுக்கினால் பிசின் தடவுவார், இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் இழுத்துத் தைப்பார். வழுக்கும் பெல்ட்டுக்கு அது சரி, இறுக்கம்தான் அதன் பிடிமானம். பல் பெல்ட்டுக்குப் பல்லே பிடிமானம். இதை இறுக்க இறுக்க லாபம் ஒன்றுமில்லை, சுமைதான் ஏறும். எஞ்சின் சூடேறும்போது உலோகம் விரிந்து இரண்டு புல்லிகளும் விலகுகின்றன. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவுதான். ஆனால் பெல்ட்டுக்குள் இருக்கும் இழை நீளவே நீளாது. 1994 ஜூன் 29 அன்று 53 டிகிரி செல்சியஸ் பதிவான ஊர் இது. காலையில் விறைப்பாக மாட்டிய பெல்ட் மதியம் எப்படி இருந்திருக்கும்? பெல்ட் அறுந்ததே நல்லது. அது தாக்குப் பிடித்திருந்தால் கிராங்க் பேரிங் போயிருக்கும்.

மூன்றாவதற்குக் கொஞ்சம் தேட வேண்டியிருந்தது. பெல்ட் இல்லாமல் நின்ற ப்ளோயரைக் கையால் சுற்றினேன், உரசல் இல்லை. நீள எஃகு ஸ்கேலை இரண்டு புல்லிகளின் முகத்திலும் வைத்தேன். மயிரிழை இடைவெளிகூட இல்லை. மிச்சமிருந்தது, தொய்வை வாங்கும் சிறிய உருளையான ஐட்லர். அதைப் பிடித்து ஆட்டியதும் என் கையோடு வந்தது. அளவுக்கு மீறிய இழுப்பில் தாங்குதகடு வளைந்து, போல்ட் துளை முட்டை வடிவமாகியிருந்தது. உருளை சாய்ந்தால் பெல்ட் முன்னால் நகர்ந்து ஓரத்தைத் தேய்க்கும். மூன்று பெல்ட்டுக்கும் வேர் அந்தத் தேய்ந்த புல்லி ஒன்றுதான். மற்ற இரண்டும் வைத்தியத்தால் வந்த வியாதி.

அடுத்த வாரம் புதுப் புல்லியும், நான் பட்டறையில் வெட்டிய தடித்த தகடும் மாட்டினோம். பெல்ட்டை மடித்து முறுக்கிச் செருகப் போனவரை நிறுத்தினேன். மடித்த இடத்தில் இழை உள்ளுக்குள்ளேயே முறியும், வெளியே தெரியாது. நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் உள்ளே போகும்படி தொய்வு விட்டேன். அவர் முகம் கோணியது.

“இவ்வளவு லூசா?”

“குளிர்ந்திருக்கும்போது இவ்வளவுதான்.”

ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் “ப்ளோயரைப் போடு” என்றார். எஞ்சின் ஓடாமல் அது எப்படிச் சுற்றும் என்று ஒரு நொடி விழித்தேன். எஞ்சின் அறையில் தேங்கும் பெட்ரோல் ஆவியை வெளியேற்றும் மின்விசிறிக்கும் படகில் அதே பெயர். நான்கு நிமிடம் அதை ஓட்டிய பிறகே சாவியைத் திருப்ப வேண்டும் என்ற எச்சரிக்கை சாவிக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறது.

நாற்பது நிமிடம் ஓட்டினோம். அழுத்தமானியின் முள் ஆறு பவுண்டில் ஆடாமல் நின்றது. எஞ்சினை நிறுத்திவிட்டு, சூடு ஆறுவதற்குள் பெல்ட்டை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். அரை அங்குலம் கால் அங்குலமாகச் சுருங்கியிருந்தது. விரலில் கரித்தூள் இல்லை. அவர் தலையாட்டினார். ஆனால் கண் மட்டும் ஐட்லர் போல்ட்டை விட்டு நகரவில்லை.

கிளம்பும்போது, அந்த போல்ட்டுக்குப் பொருந்தும் ஸ்பானரை எடுத்து என் காரில் போட்டுக்கொண்டேன்.