ஆளில்லாத தீவில் ஆறு பையன்கள்

1965 ஜூன். டோங்கா தலைநகர் நுக்குஅலோஃபாவில் பள்ளி விடுதிச் சாப்பாடும் பாடமும் அலுத்துப்போன ஆறு மாணவர்கள், ஒரு மீனவரின் படகைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு ஃபிஜி பக்கம் கிளம்பினார்கள். முதல் இரவே காற்றில் பாய் கிழிந்தது, சுக்கான் உடைந்தது. எட்டு நாள் அலைக்கழிந்து அட்டா என்ற பாறைத் தீவில் ஒதுங்கினார்கள். அங்கே ஒரு மனிதர்கூட இல்லை.

கேட்க ஆளில்லாவிட்டால் பிள்ளைகள் என்ன ஆவார்கள்? வில்லியம் கோல்டிங் 1954-லேயே 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்' நாவலில் பதில் எழுதிவிட்டார்: முகத்தில் சாயம் பூசி, வேட்டைக்குக் கிளம்பி, கடைசியில் கூட இருந்தவனையே கொல்வார்கள். பள்ளி ஆசிரியர், இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தவர். அவருடைய கசப்பு எங்கிருந்து வந்தது என்று ஊகிப்பது கடினமல்ல.

அட்டாவில் நடந்தது வேறு. இரண்டிரண்டு பேராக முறைவைத்துத் தோட்டம், சமையல், காவல் பார்த்தார்கள். மூட்டிய தீயை ஓராண்டுக்கும் மேலாக அணையவிடவில்லை. இருவருக்குள் சண்டை வந்தால் ஆளுக்கொரு பக்கம் அனுப்பிவிடுவார்கள். சூடு தணிந்ததும் கூட்டிவந்து மன்னிப்புக் கேட்க வைப்பார்கள். ஒருவன் பாறையில் விழுந்து கால் ஒடிந்தபோது குச்சி வைத்துக் கட்டி, அவன் வேலையையும் மற்றவர்களே பார்த்தார்கள். எலும்பு ஒழுங்காகக் கூடியது.

இதை வைத்து மனிதர் இயல்பிலேயே நல்லவர் என்கிறார் டச்சு எழுத்தாளர் ருட்கர் பிரெக்மன். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். ஆறு பேரும் முன்பே சிநேகிதர்கள். காலையும் மாலையும் ஜெபம் செய்தார்கள். கண்டிக்கப் பெரியவர்கள் இல்லை, சரி. வீட்டில் பழகிய கண்டிப்பு படகிலேயே கூட வந்திருந்தது.

அட்டாவில் அவர்கள் பிடித்துத் தின்ற கோழிகள், அந்தத் தீவின் பழைய குடிமக்கள் விட்டுப்போனவற்றின் வம்சம். 1863-இல் ஆள்பிடிக்க வந்த கப்பலொன்று, வியாபாரம் என்று ஆசைகாட்டி 140-க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு போனது. மிச்சப்பேரை டோங்கா மன்னர் வேறு தீவில் குடியேற்றினார். அந்தக் கப்பலில் கேப்டன் இருந்தார், கட்டளை இருந்தது, வளர்ந்த ஆட்கள் இருந்தார்கள்.

1966 செப்டம்பரில் பீட்டர் வார்னர் என்ற ஆஸ்திரேலியக் கேப்டன் பையன்களை மீட்டு ஊர் சேர்த்தார். வந்த கையோடு போலீஸ் அவர்களைப் பிடித்து உள்ளே வைத்தது. படகுக்காரருக்கு அதுவரை கோபம் ஆறவில்லை. படகுக்கான பணத்தைக் கட்டி வார்னர்தான் வெளியே எடுத்தார்.