பெயர் தெரியாதவர்க்குப் பட்ட கடன்

சென்ற மலர்களில் பாலக்காடு ஜைனிமேட்டுக் கோயிலைப் பற்றியும் பழைய வணிகப் பாதைகளைப் பற்றியும் எழுதியவன் நான். இம்முறையும் கல்வெட்டுச் செய்தி ஏதாவது கொடுங்கள் என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். கொடுக்க இருக்கிறது. ஆனால் ஒன்பது ஆண்டுகளாக எழுத நினைத்துத் தள்ளிப் போட்டுவந்த வீட்டு விஷயம் ஒன்று உண்டு. எனக்கு 67 வயதாகிறது, இனியும் தள்ளிப்போட மனமில்லை. இது என் மனைவிக்கு நடந்த சிறுநீரக மாற்று பற்றியது. மாநிலம் விட்டு மாநிலம் வந்து குடியிருக்கும் நம் போன்ற குடும்பங்களுக்குப் பயன்படும் செய்திகளும் இதில் உண்டு என்பதால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் திண்டிவனம் பக்கத்து நயினார் குடும்பத்தைச் சேர்ந்தவன். 1976இல் பதினெட்டு வயதில் மாமா கடைக்கு உதவியாகப் பாலக்காடு வந்தேன். பிறகு சொந்தமாக ஏலக்காய், மிளகு வியாபாரம். மாதத்தில் பாதி நாள் இடுக்கி மலையில், வண்டன்மேடு, குமுளி, கம்பம்மெட்டு என்று அலைச்சல். வீட்டையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டவள் அவள். கால் வீங்குகிறது, சோர்வாக இருக்கிறது என்று அவள் சொன்னதை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. இரத்தத்தைச் சோதித்தபோது கிரியேட்டினின் அளவு ஒன்பதைத் தாண்டியிருந்தது. பெண்களுக்கு அது ஒன்றை ஒட்டி இருக்க வேண்டும். சிறுநீரகம் பாதிக்கு மேல் கெடும்வரை வெளியே பெரிதாக ஒன்றும் காட்டாது. இரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர்கள் ஆண்டுக்கொரு முறை இந்தச் சோதனையைச் செய்துகொள்வது நல்லது. செலவு அதிகமில்லை.

அதன்பின் டயாலிசிஸ். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். கை நரம்பில் இரண்டு பெரிய ஊசிகளைக் குத்தி, இரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தி செய்து திரும்ப அனுப்புவார்கள். ஊசியைக்கூடப் பொறுத்துக்கொண்டாள், தாகத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. சிறுநீர் பிரியாத உடம்பில் குடிக்கும் நீர் எங்கே போகும்? நுரையீரலில் கட்டிக்கொள்ளும். நாளுக்கு ஒரு லிட்டருக்கும் குறைவாக, மாத்திரைக்கும் சோற்றுக்கும் சேர்த்து அளந்து குடிக்க வேண்டும். பொட்டாசியம் ஏறும் என்று இளநீரும் வாழைப்பழமும் கூடாது. நேந்திரம்பழக் குலை தொங்காத கடையே இல்லாத பாலக்காட்டில் இரண்டரை ஆண்டு அப்படி இருந்தாள். பங்குனி வெயிலில் ஒரு ஐஸ் கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள்.

மாற்றுச் சிறுநீரகம் வைப்பது புதிய வித்தை அல்ல. 1954இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இரட்டைச் சகோதரர்களுக்கிடையே முதன்முதலாக வெற்றி கண்டார்கள். நம் நாட்டில் 1971இல் வேலூர் சி.எம்.சி.யில் வெற்றிகரமாகச் செய்தார்கள். பலருக்குத் தெரியாத ஒன்று, பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. புதியதை அடிவயிற்றில் இடுப்பெலும்பின் உட்பக்கம் வைத்து இரத்தக் குழாய்களோடு இணைப்பார்கள். என் மனைவிக்கு இப்போது சிறுநீரகம் மூன்று என்று பேரப்பிள்ளையிடம் சொன்னால் அவன் நம்புவதில்லை.

யார் கொடுப்பது என்பதுதான் கேள்வி. அவள் ஓ பிரிவு. ஓ பிரிவினர் எல்லோருக்கும் கொடுக்கலாம், பெறுவது மட்டும் ஓ பிரிவினரிடமிருந்துதான். என் இரத்தம் பி, போதாக்குறைக்குச் சர்க்கரை. அவள் அக்காளுக்கு இரத்த அழுத்தம். மகன் ஓ பிரிவு, தருகிறேன் என்று முன்வந்தான். சட்டத்திலும் தடையில்லை. அவள்தான் ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். "அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகலை. அவன் வயித்தைக் கிழிச்சுத்தான் நான் பொழைக்கணும்னா எனக்கு வேண்டாங்க." எத்தனை டாக்டர் எடுத்துச் சொல்லியும் அசையவில்லை. அந்த ஆறு மாதமும் அம்மாவும் பிள்ளையும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

மிச்சம் இருந்த வழி, மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து பெறுவது. கேரள அரசு 2012 ஆகஸ்டில் 'மிருதசஞ்சீவனி' என்ற அமைப்பைத் தொடங்கி இதற்கான காத்திருப்போர் பட்டியலை நடத்தி வந்தது. எங்களுக்குக் கோயம்புத்தூர் ஒரு மணி நேரப் பயணம், கொச்சி மூன்று மணி நேரம். ஆனால் ரேஷன் அட்டை கேரளத்தது. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் நமக்கு இல்லை, அங்கே பதிந்தால் வெளிமாநிலத்தவர் என்று வரிசையில் பின்னால் நிற்க வேண்டும். ஆகவே கொச்சியில் பதிந்தோம். பதிந்த அன்று இரவு அவள் கேட்டாள்: "யாரோ ஒருத்தர் சாகணும்னு நாம பேர் எழுதி வச்சுக் காத்திருக்கறதா? இது என்ன தர்மங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. நம் சமண நூல்கள் கொலையை இரண்டாகப் பிரிக்கின்றன. கையால் செய்வது ஒன்று, உள்ளத்தால் செய்வது ஒன்று. இரண்டாவதை 'பாவ ஹிம்சை' என்பர். இங்கே பாவம் என்றால் உள்ளத்து எண்ணம் என்று பொருள். ஒருவன் சாவை மனத்தால் விரும்பினாலே வினை ஒட்டும். நாற்பது ஆண்டு இதையெல்லாம் படித்துச் சங்கக் கூட்டங்களில் பேசியவன் நான். டெலிபோன் மணி அடிக்கும்போதெல்லாம் எழுந்த ஆசைக்கு என்ன பெயர் வைப்பது?

இதற்கு விடை தேடித்தான் மூளைச்சாவு பற்றிப் படித்தேன். கோமா வேறு, இது வேறு. கோமாவில் மூளைத்தண்டு உயிரோடு இருக்கும், மீண்டு வந்தவர் உண்டு. மூளைச்சாவில் மூளைத்தண்டு அறவே செத்துவிடும், தானாக மூச்சு விடும் ஆற்றல் திரும்பவே திரும்பாது. வென்டிலேட்டர் காற்றைத் தள்ளுவதால் இதயம் மட்டும் சிறிது காலம் துடிக்கும். 1994ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் சோதித்து உறுதி செய்ய வேண்டும். ஆறு மணி நேரம் கழித்து எல்லாச் சோதனைகளையும் மீண்டும் செய்ய வேண்டும். மாற்று அறுவை செய்யும் குழுவினர் அந்த நால்வரில் இருக்கக் கூடாது. அதற்கும் பிறகு, குடும்பத்தார் சம்மதித்தால் மட்டுமே உறுப்பை எடுக்கலாம். ஆகவே நாங்கள் காத்திருந்ததால் யாரும் சாவதில்லை. சாவு நடந்து முடிந்த வீட்டில், கதறி அழுகிற நேரத்தில், ஒருவர் 'சரி' என்று சொல்வதற்குத்தான் காத்திருந்தோம். இதை அவளிடம் விளக்கினேன். "அந்த 'சரி'யைச் சொல்லணும்னா எவ்வளவு மனசு வேணும்" என்றாள். மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

ஒருமுறை கூப்பிட்டார்கள். ஓர் உறுப்புக்கு மாற்று ஆளாக இன்னொருவரையும் வரவழைப்பது வழக்கம். இரத்தத்தை ஒன்றோடொன்று கலந்து பார்க்கும் சோதனையில் அவளுக்குச் சேரவில்லை. ஓர் இளம்பெண்ணுக்குப் பொருந்தியது. திரும்பும் வழியில் அவள், "சின்னப் பொண்ணு, பொழைச்சுக்கட்டும்" என்றாள். நான்தான் பேசாமல் வந்தேன்.

இரண்டாவது அழைப்பு 2016 அக்டோபரில். நான் புற்றடி ஏல மையத்தில் இருந்தேன். ஏலக்காய் வரத்து உச்சத்தில் இருந்த நேரம். மகன் போன் செய்தான்: "அப்பா, நாங்க கிளம்பிட்டோம், நீங்க நேரா கொச்சிக்கு வந்துடுங்க." அவர்கள் குதிரான் மலை வழியாக. அப்போது சுரங்கப்பாதை திறக்கவில்லை (2021இல்தான் முதல் குழல் திறந்தது). லாரிகள் வரிசைகட்டி நிற்க, குண்டும் குழியுமான பாதையில் ஒன்றரை மணி நேரம் மாட்டிக்கொண்டார்கள். நான் கட்டப்பனை, தொடுபுழை வழியாக மலையிறங்கினேன். சிறுநீரகத்தை ஐஸில் ஒரு நாள்வரை வைக்கலாம், இதயத்தைப் போல நான்கைந்து மணிக்குள் ஓட வேண்டியதில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தென்ன, டிரைவரை விரட்டிக்கொண்டே வந்தேன்.

தொடுபுழையைக் கடக்கும்போது ஒரு நினைவு. அவ்வூர்க்காரர் ஒருவருக்குத்தான் 2015 ஜனவரியில் கொச்சி அம்ருதா மருத்துவமனையில் டாக்டர் சுப்பிரமணிய ஐயர் குழுவினர் இரண்டு கைகளையும் பொருத்தினார்கள். இந்தியாவில் அதுவே முதல். அங்கே கொடுத்தவர், பெற்றவர் இருவர் பெயரும் செய்தித்தாளில் வந்தன.

எங்களுக்குப் பெயர் சொல்லவில்லை. கேட்டதற்கு, அது விதியில்லை என்று ஒருங்கிணைப்பாளர் மென்மையாகச் சொல்லிவிட்டார். விதி சரியானதுதான். தெரிந்தால் ஒரு பக்கம் பணமும் இன்னொரு பக்கம் உரிமையும் பேச்சில் வந்துவிடும்.

வைத்த சிறுநீரகம் உடனே வேலை செய்யவில்லை. மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து வரும் உறுப்பு சில நாள் உறங்குவதுண்டு, அதுவரை டயாலிசிஸ் தொடரும் என்றார்கள். ஆறாம் நாள் விடியற்காலை மலையாள நர்ஸ் ஒருத்தி வெளியே ஓடிவந்து, "அச்சா, அம்மைக்கு மூத்ரம் வந்நல்லோ!" என்றாள். மகன் சுவரில் சாய்ந்து அழுதான். சிறுநீர் வந்ததற்கு ஒரு குடும்பம் அப்படி அழுததை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. அன்று மாலை டாக்டர், "இனி நாளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும்" என்றார். "மூணு லிட்டரா?" என்று அவள் திருப்பித் திருப்பிக் கேட்டாள்.

இனி அன்றாட வாழ்க்கை. புதிய உறுப்பை உடம்பு அந்நியன் என்று எண்ணித் தாக்காமலிருக்க ஆயுள் முழுதும் மாத்திரை. முக்கியமானது டாக்ரோலிமஸ். ஜப்பானில் சுகுபா என்னும் இடத்து மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிடமிருந்து 1984இல் கண்டெடுத்தது. பெயரின் முதலெழுத்தே அவ்வூரிலிருந்து வந்தது. உயிர்களை அறிவால் வகுத்துப் பார்ப்பவர்கள் தொல்காப்பியரும் நம் சமண முன்னோரும். மண்ணுக்குள் கிடக்கும் ஓரறிவுயிர் ஒன்றின் உதவியால் என் வீட்டில் அடுப்பு எரிகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த மாத்திரையைப் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில், காலை எட்டு, இரவு எட்டு என்று பிசகாமல் போட வேண்டும். சாப்பாட்டுக்கு ஒரு மணி முன்போ இரண்டு மணி பின்போ. ஒரு வேடிக்கை பாருங்கள். பொழுது சாய்ந்தபின் உண்ணாமை நம் வீட்டுப் பழைய வழக்கம். ஆறு மணிக்குச் சாப்பாடு முடிந்தால் எட்டு மணிக்குச் சரியாக இரண்டு மணி நேரம். வடிகட்டிக் கொதிக்கவைத்த நீர், புதிதாகச் சமைத்த உணவு என்று டாக்டர் எழுதிக்கொடுத்த தாளைப் படித்துவிட்டு, "இதுக்கா ஃபீஸ் வாங்குறாங்க, எங்க பாட்டி சொன்னதுதானே" என்றாள். புதிதாகச் சேர்ந்த தடை பம்பளிமாஸ் பழம். இங்குள்ளவர்கள் கம்பிளி நாரங்கை என்பர். அது மாத்திரையின் அளவை இரத்தத்தில் தாறுமாறாக ஏற்றிவிடும். எங்கள் கொல்லையில் ஒரு மரம் இருந்தது, பக்கத்து வீட்டாருக்குப் பழம் கொடுத்துவிடுகிறோம். இரத்தம் சோதிக்கும் நாளில் மாத்திரையைக் கையில் கொண்டுபோய், இரத்தம் எடுத்த பிறகே போட வேண்டும். இதை மறந்து ஒருமுறை நூற்றைம்பது கிலோமீட்டர் வீணாகப் போய் வந்தோம்.

இந்த அன்றாடம் எவ்வளவு அருமையானது என்பது எனக்கு உறைத்தது பின்னாளில்தான். கேரளத்தில் மூளைச்சாவுக்குப் பின் உறுப்பு கொடுத்தவர்கள் 2015இல் 76 பேர், 2016இல் 72 பேர். 2017இல் அது 18 ஆயிற்று, 2018இல் வெறும் 8. மூளைச்சாவுச் சான்றில் மோசடி என்ற பேச்சு, வழக்குகள், கையெழுத்திட மருத்துவர்களுக்கு வந்த அச்சம் எல்லாம் சேர்ந்து வந்த வீழ்ச்சி. சந்தேகம் எல்லாமே வெறும் வதந்தி என்றும் நான் சொல்ல மாட்டேன். 2018இல் நம் பாலக்காட்டு எல்லைப்பக்க இளைஞர் ஒருவர் தமிழ்நாட்டில் விபத்தில் சிக்கி மூளைச்சாவு அடைந்தார். மருத்துவமனைக் கட்டணத்தைக் காட்டி உறுப்புகளை எடுத்துக்கொண்டார்கள் என்று குடும்பத்தார் முறையிட, விசாரணை கேட்டு முதலமைச்சர் பினராயி விஜயன் தமிழக முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார். மொழி தெரியாத ஊர், கையில் பணமில்லை, நீட்டிய தாளில் கையெழுத்து: இது நம்மவர் எவருக்கும் நேரலாம். தானம் என்பது பில்லுக்கு ஈடு அல்ல. படித்துப் பார்த்து, வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்ல முழு உரிமை உண்டு. ஆனால் இதனால் கதவு மொத்தமும் சாத்தப்பட்டால், வரிசையில் நிற்பவர்கள் கதி என்ன? என் மனைவி இரண்டு ஆண்டு பிந்தியிருந்தால் அந்த எட்டுப் பேரின் குடும்பங்களை நம்பி நின்றிருப்பாள்.

நல்ல செய்தி ஒன்றும் சொல்ல வேண்டும். 2008இல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர் அசோகனும் புஷ்பாஞ்சலியும் விபத்தில் மூளைச்சாவு அடைந்த மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். சென்னைப் போக்குவரத்தை நிறுத்தி அவன் இதயத்தைக் கொண்டுபோய் ஒரு சிறுமிக்கு வைத்தார்கள். அத்தகைய ஓட்டம்தான் 2011இல் 'டிராஃபிக்' என்ற மலையாளப் படத்தின் கதை. படத்தில் அந்த இதயம் வந்து சேர்வது நம் பாலக்காட்டுக்கு. 2013இல் 'சென்னையில் ஒரு நாள்' என்று தமிழுக்கே திரும்பிப் போயிற்று.

வெளிமாநிலத்தில் இருப்போர் கவனிக்க: குடியிருப்புச் சான்று இருந்தால்தான் பட்டியலில் பதியலாம் என்ற நிபந்தனையை நீக்கும்படி 2023 பிப்ரவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. 65 வயது வரம்பும் போயிற்று, பதிவுக் கட்டணமும் வாங்கக் கூடாது. மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை வேறுபடும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கொடுப்பதற்குச் சம்மதம் என்று அட்டை வாங்கிப் பையில் வைத்தால் மட்டும் போதாது. கடைசியில் வீட்டாரைத்தான் கேட்பார்கள். ஆகவே வீட்டில் சொல்லி வைக்க வேண்டும். நானும் அவளும் மகனிடம் சொல்லிவிட்டோம். "உங்க சர்க்கரை உடம்புல எதை எடுப்பாங்க?" என்றாள் அவள். கண் இருக்கிறதே.

நம் மரபில் தானம் நான்கு: உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம். நாங்கள் பெற்றது இதில் எதில் சேரும் என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். அடைக்கலத்தில் சேர்த்துக்கொண்டேன். வியாபாரி வீட்டில் கடன் என்றால் பேரேட்டில் ஒரு பக்கம், தலைப்பில் ஒரு பெயர். இந்தக் கடனுக்குப் பக்கம் உண்டு, பெயர் இல்லை. அக்டோபரில் அந்த நாளன்று டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவருக்கு அந்த மாத மருந்தை வாங்கித் தருகிறோம். அவருக்கும் எங்கள் பெயர் சொல்வதில்லை. ஜைனிமேட்டில் சந்திரப்பிரபர் முன் அவள் யாருக்கென்று வேண்டுகிறாள் என்று நான் கேட்டதில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மணி எட்டாகிவிட்டது. உள்ளேயிருந்து குரல்: "என்னங்க, மலரு கட்டுரை ஓடிப்போயிடாது. தண்ணி கொண்டாங்க." சொம்பு நிறையக் கொண்டுபோகிறேன்.